பழைய கரி கிரில்லுக்கு மறுவாழ்வு: புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில அறிவுரைகள்

சிகாகோ புறநகர்களில் நம் பிள்ளைகள் பலர் இப்போது சொந்த வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். வீட்டோடு பின்பக்கம் கொஞ்சம் புல்தரையும் வருகிறது. கோடை பிறந்ததும் அங்கே ஒரு கரி கிரில் வைத்து, மசாலா தடவிய கோழியும் சோளக்கதிரும் சுட்டு, நாலு குடும்பத்தைக் கூப்பிட்டுச் சாப்பிட ஆசை வருகிறது. நல்ல ஆசை. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கலாம். அதற்கு முன் உங்கள் தெருவையே ஒரு சுற்று நடந்து பாருங்கள் என்பது என் விண்ணப்பம். குப்பை வண்டிக்காகத் தெருவோரம் நிற்கும் பழைய கிரில்களில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு உறுப்புகள்தான் கெட்டிருக்கும். ஒன்றுக்குக் கால் போயிருக்கும், இன்னொன்றுக்கு மூடி நசுங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் இன்னும் இருபது வருடம் உழைக்கும் ஒரு கிரில் கிடைக்கும்.

நான் இங்கே பெரும்பாலும் பேசப்போவது வெபர் கெட்டிலைப் பற்றி. இது பிறந்ததும் நம் சிகாகோவில்தான். வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952-இல், நீரில் மிதக்கவிடும் மிதவைகளுக்காகச் செய்த உலோகக் கோளத்தை இரண்டாக்கி, கீழ்ப்பாதியைச் சட்டியாகவும் மேல்பாதியை மூடியாகவும் வைத்தார். காற்றடித்தாலும் தூறல் போட்டாலும் சமையல் நிற்காது. நம் குமுட்டி அடுப்பில் விசிறி எடுத்து நெருப்பைத் தூண்டுவோம். இதில் துளையைத் திறந்து தூண்டுகிறோம், மூடித் தணிக்கிறோம். அந்த அடிப்படை வடிவம் இன்றுவரை மாறவில்லை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இனி அறிவுரைகள்.

1. ஒரே ஒரு வகையை முதலில் பழகுங்கள்.

கண்ணில் பட்ட கிரில்லையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விட்டம் 22.5 அங்குலம் உள்ள கெட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீடுகளில் அதிகம் காணப்படும் அளவு அதுதான். உதிரி உறுப்புகளும் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். 18.5 அங்குலத்திலும் ஒன்று உண்டு. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் இதன் மூடி அதற்குப் பொருந்தாது. ஆகவே காரில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கட்டும். ஒரு வகையைப் பிரித்துக் கோக்கக் கை பழகிவிட்டால் மற்றவை தானே வசப்படும்.

2. கேட்டுவிட்டு எடுங்கள்.

தெருவோரம் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். கதவைத் தட்டி, "இதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். சந்தோஷமாகக் கொடுப்பார்கள், பல வேளைகளில் கராஜுக்குள்ளிருந்து கம்பித்தட்டையும் சாம்பல் பாத்திரத்தையும் தேடி எடுத்துத் தருவார்கள். சில நகரங்களில், தெருவோரம் வைத்த பொருள் குப்பை எடுக்கும் நிறுவனத்துக்கே உரியது என்று உள்ளூர் விதி உண்டு. உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். வசந்தகாலத்தில் பெரிய சாமான்களை எடுத்துப்போகும் வாரம், கராஜ் சேல் நடக்கும் வார இறுதிகள், வீடு மாறும் மாதங்கள், செப்டம்பரில் லேபர் டே கழிந்த நாட்கள் ஆகியவை நமக்கு அறுவடைக் காலம். குளிர் வருமுன் கராஜைக் காலி செய்பவர்கள் கிரில்லைத்தான் முதலில் வெளியே தள்ளுவார்கள்.

3. உடலைப் பாருங்கள், அழுக்கைப் பார்க்காதீர்கள்.

புதியவர்கள் அழுக்கைக் கண்டு நல்ல கிரில்லை விட்டுவிடுவார்கள். பளபளப்பைக் கண்டு ஓட்டைச் சட்டியைத் தூக்கி வருவார்கள். கிரில்லின் உயிர் இருப்பது மூன்று இடங்களில்: சட்டி, மூடி, கால் செருகும் குழல்கள். சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் காற்றுத் துளைகளைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே அமுங்கினாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்து வெளிச்சம் தெரிந்தாலோ, அந்தச் சட்டியின் காலம் முடிந்தது. அடுத்து, கால் செருகும் மூன்று குழல்களையும் பிடித்து ஆட்டுங்கள். அவை சட்டியோடு பற்றவைக்கப்பட்டவை. அந்தப் பற்று விட்டுப்போனால் புதியவர் கையால் சரிசெய்ய முடியாது. மறுபடி வெல்டிங் வைக்கும் சூட்டில் சுற்றியுள்ள எனாமல் தெறித்துவிடும்.

மூடிக்கு ஒரு சோதனை உண்டு. இருட்டியபின் சட்டிக்குள் டார்ச் ஒன்றை எரியவிட்டு மூடியை வையுங்கள். விளிம்பைச் சுற்றி எங்கே வெளிச்சம் கசிகிறதென்று பாருங்கள். மூடியைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் பாருங்கள். மெல்லிய கீற்றாகக் கசிந்தால் பாதகமில்லை. ஒரே இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் மூடியோ சட்டியோ வட்டம் தப்பியிருக்கிறது. கசிவு மூடியோடு சேர்ந்து நகர்ந்தால் கோணல் மூடியில். நகராமல் அதே இடத்தில் நின்றால் சட்டியில்.

4. முழுசாக இருப்பதைப் பிரிக்காதீர்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இரண்டு கிரில் கையில் இருக்கும்போது, எது கொடுப்பது, எது வாங்கிக்கொள்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சட்டி ஓட்டையானது கொடுக்கட்டும். மூடி நொறுங்கியது கொடுக்கட்டும். சின்னச் சின்னக் குறைகள் மட்டும் உள்ள நல்ல கிரில்லை, அதன் அழகான கைப்பிடிக்காகவும் சக்கரத்துக்காகவும் பிரித்துப்போடுவது தவறு. அப்படிச் செய்தால் இரண்டு அடுப்பு எரிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரியும். பழைய சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறக் கெட்டில்களைச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த ஆசையில் நிறத்துக்காக ஒரு முழு கிரில்லைக் குலைப்பவர்களையும் பார்க்கிறேன். நீங்கள் அந்தப் பழக்கத்துக்குப் போகவேண்டாம்.

5. பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள், அளவு குறியுங்கள்.

கைப்பேசி இருக்கிறது; நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடவேண்டும். எந்த வாஷர் மேலே, எது கீழே, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்பது பிரித்த மறுநாளே மறந்துபோகும். ஒவ்வொரு கிரில்லின் நட்டு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். மூடியின் காற்றுத் துளைத் தகட்டையும் உற்றுப் பாருங்கள். 1970-களின் இறுதிக்குப் பின் வந்த கெட்டில்களில் அந்தத் தகட்டில் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ பொறித்திருக்கும். அது செய்த ஆண்டைக் குறிப்பது. அந்த எழுத்தையும் சீட்டில் குறித்துவையுங்கள். பின்னால் உதிரி தேடும்போது உதவும். மூடியும் சட்டியும் தலைமுறை தாண்டிப் பொருந்தும் என்பதால் எல்லாமே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பழையவற்றின் அடியில் மூன்று துளைகளுக்கும் தனித்தனித் தகடு இருக்கும். பிறகு வந்தவற்றில் ஒரே பிடியைத் தள்ளினால் மூன்று இறக்கைகள் சேர்ந்து சுழன்று துளையைத் திறக்கும், சாம்பலையும் தள்ளிவிடும். இதன் உறுப்பு அதற்கு ஆகாது.

6. சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருங்கள்.

சிறிய காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்திலும் எந்த உறுப்பையும் ஊறப்போடக் கூடாது. கடையில் விற்கும் அவன் கிளீனரில் காஸ்டிக் சோடா இருக்கும். அது இரும்பையும் கம்பியையும் நன்றாகச் சுத்தம் செய்யும். அலுமினியத்தையோ அரித்துக் கறுக்கவைத்துவிடும். சாம்பல் தட்டு, துளைத் தகடு, சில மாடல்களின் கால் ஆகியவை அலுமினியம். அவற்றுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் மெல்லிய நாரும் போதும்.

7. மூடிக்குள் உரிவது பெயின்ட் இல்லை.

பழைய கிரில்லை வேண்டாம் என்று தள்ளுபவர்கள் சொல்லும் முதல் காரணம், "உள்ளே பெயின்ட் உரிந்து சாப்பாட்டில் விழுகிறது" என்பதுதான். வெபர் கெட்டிலின் மூடிக்குள் பெயின்ட் என்று ஒன்று கிடையாது. உள்ளும் புறமும் இருப்பது எனாமல். கண்ணாடித் தூளை இரும்பின்மேல் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பிடிக்கவைத்தது. அது சமையல் சூட்டில் உரியாது. உரிவது, வருடக்கணக்கில் ஏறிய கொழுப்பும் புகையும் கரியாகிப் படிந்த ஏடு.

அதை எடுப்பது சுலபம். சூடு இல்லாத மூடியை மல்லாத்தி வைத்து, வெந்நீரில் நனைத்த துணியை உள்ளே விரித்து அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியை மூடியின் வளைவோடு ஒட்டிச் சாய்த்துத் தள்ளுங்கள். ஓரத்தில் ஓர் இடம் கிளம்பிவிட்டால் போதும், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஏடாகச் சுருண்டு வரும். கீழே பளபளவென்று எனாமல் தெரியும். பிசுக்கு மிச்சமிருந்தால் மிக மெல்லிய இரும்பு நாரால் சோப்பு நீர் தொட்டுத் தேயுங்கள். இரும்பு உளி, மணல் தாள், கிரைண்டர் எதையும் எனாமல்மேல் வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரும் ஊற்றாதீர்கள். எனாமல் விரிசல் விட்டுத் தெறிக்கும்.

8. துருவைப் பொறுமையாக நீக்குங்கள்.

இரும்புக் கம்பி, போல்ட், சக்கர அச்சு போன்ற சின்ன உறுப்புகளை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எடுத்துத் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். அலசாமல் விட்டால் மதியத்துக்குள் மறுபடி செம்மை படரும்.

பெரிய உறுப்புக்கு மின்பகுப்பு முறை உண்டு. வாஷிங் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த இரும்பைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் மாட்டி, நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டுவார்கள். நல்ல முறைதான், ஆனால் மூன்று விதிகளை மீறக்கூடாது. வேண்டாத துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் நீரில் கரையும். அலுமினியத்தை அந்த நீரில் போடக் கூடாது. ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்தவெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில்தான் செய்யவேண்டும். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் வினிகரோடு நின்றுகொள்ளுங்கள்.

9. ரிவெட்டை அடித்துப் பெயர்க்காதீர்கள், துளைத்து எடுங்கள்.

மூடியின் காற்றுத் துளைத் தகட்டை மாற்றும்போதுதான் புதியவர்கள் நல்ல மூடியைக் கெடுக்கிறார்கள். அந்தத் தகடு அலுமினிய ரிவெட்டில் நிற்கிறது. உளி வைத்துத் தட்டினால் சுற்றியுள்ள எனாமல் சில்லுசில்லாகப் போகும்.

முறை இதுதான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எனாமல் சில்லு கண்ணாடிச் சில்லுதான். மூடியை ஒரு பழைய டயர்மேலோ மடித்த போர்வைமேலோ ஆடாமல் வையுங்கள். ரிவெட் தலையின் நடுவில் ஆணியால் லேசாக ஒரு புள்ளி குத்துங்கள், டிரில் வழுக்காது. ரிவெட்டின் தண்டு அளவுக்கே உள்ள பிட்டை மாட்டி, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் சுற்றவிடுங்கள். வெள்ளிநிறச் சுருள் வரும்வரை அலுமினியம்தான். தலை தண்டிலிருந்து விடுபட்டதும் அது பிட்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் தள்ளினால் மூடியின் துளை பெரிதாகும். மிச்சத் தண்டை உள்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடலாம். புதிய தகட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட், வாஷர், பூட்டு நட்டு போட்டு மாட்டுங்கள். தகடு விரலால் திரும்பவேண்டும், காற்றில் தானாகத் திரும்பக்கூடாது. அந்த அளவுக்கு முடுக்கினால் போதும். அடுத்த முறை கழற்றுபவருக்கு ஸ்பேனர் ஒன்றே போதும்.

10. இறுகிய போல்ட்டோடு சண்டை வேண்டாம்.

துருவுக்குள் ஊறும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். மறுநாள் முதலில் சற்று இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். வராவிட்டால் மறுபடி எண்ணெய். எண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பு காட்டாதீர்கள். கடைசி வழியாகப் போல்ட்டை அறுத்துவிடலாம். போல்ட் சில காசுக்குக் கிடைக்கும், சட்டி கிடைக்காது.

11. கால்களை ஜோடியாகத் தேடாதீர்கள், மூன்றாகத் தேடுங்கள்.

கெட்டிலுக்கு மூன்று கால், இரண்டில் சக்கரம். வருடத்துக்கு வருடம் குழாயின் கனமும் நீளமும் செருகும் முனையும் மாறியிருப்பதால், ஒரே கிரில்லிலிருந்து மூன்றையும் சேர்த்து எடுங்கள். செருகியபின் சட்டியின் விளிம்பில் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். ஆடும் காலுக்குத் தகடு சொருகி ஒப்பேற்றக் கூடாது. எரியும் கரியோடு கிரில் சாய்வதைவிடப் பெரிய ஆபத்து இந்த வேலையில் இல்லை. வீட்டில் குழந்தைகள் ஓடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக் காலை மாட்டுங்கள்.

12. மரக் கைப்பிடியைக் காப்பாற்றுங்கள்.

பழைய கெட்டில்களில் கைப்பிடி மரத்தால் ஆனது. வெயிலில் வெளுத்து வறண்டிருந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மரத்தின் ரேகையோடு மணல் தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஊறியபின் மிச்சத்தைத் துடையுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை பூசுங்கள். புதிதாகச் செய்வதென்றால் ஓக், மேப்பிள், தேக்கு போன்ற கடின மரம் எடுங்கள். பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய பலகை வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலரும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

13. உணவு படும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சட்டி பழையதாக இருக்கலாம், கால் பழையதாக இருக்கலாம். இறைச்சி படும் கம்பித்தட்டில் முலாம் உரிந்து துரு குழிவிழுந்திருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டு அளவாக இருக்கிறதென்று கிரில்லில் வைப்பவர்கள் உண்டு. அவற்றில் காட்மியம் முலாம் பூசியிருக்கலாம், சூடானால் நஞ்சு. நாகம் பூசிய கம்பியும் தகடும் கரிக்கு அருகில் ஆகாது. நாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கரிப்படுக்கை அதைத் தாண்டிச் சூடாகும். கரி கிடக்கும் அடித்தட்டுக்குக் கனமான வெறும் இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ மட்டும் போடுங்கள்.

கம்பித்தட்டைத் தேய்க்கும் கம்பிப் பிரஷ்ஷில் முடி உதிரத் தொடங்கியிருந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். அந்த மெல்லிய கம்பி இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போய்க் குடலைக் குத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே 2012-இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. சூடான தட்டில் பாதி வெங்காயத்தைக் குத்தித் தேய்த்தாலும், ஈரத் துணியால் துடைத்தாலும் வேலை ஆகும்.

14. எனாமல் போன இடத்தை மூடுங்கள், மறைக்காதீர்கள்.

வெளிப்பக்கம் சில்லு போய் இரும்பு தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் துருவைத் தேய்த்து, அடுப்புகளுக்கென்றே விற்கும் சூடு தாங்கும் பெயின்ட்டைத் தொட்டு வைக்கலாம். உள்பக்கத்தில் எந்தப் பெயின்ட்டும் வேண்டாம். சமையல் எண்ணெயை மெல்லத் தடவிச் சூடேற்றினால் கறுப்பாக ஒரு படிவம் உண்டாகும். இரும்பு தோசைக்கல்லைப் பழக்கிய கைகளுக்கு இது புதிதில்லை. முழு மூடிக்கும் பெயின்ட் அடித்துப் புதிதுபோல் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எனாமல்மேல் நிற்காது. வாங்குபவர் பார்க்கவேண்டிய குறையையும் மறைத்துவிடும்.

15. மற்ற வகைகளையும் மதியுங்கள்.

கெட்டில் கைவந்தபின் மற்றவற்றைத் தொடலாம். வார்ப்பு இரும்பால் ஆன ஹிபாச்சி என்னும் சிறு கரி அடுப்பில் விரிசல் விட்டால் வீட்டில் ஒட்ட முடியாது. ஆனால் துரு மட்டும்தான் என்றால் எண்ணெய் காட்டிப் பழக்கினால் மீண்டுவிடும். பிகே என்று அழைக்கப்படும் போர்ட்டபிள் கிச்சன், 1950-களில் டெக்சாஸில் ஹில்டன் மீக்ஸ் உருவாக்கியது. வார்ப்பு அலுமினியம் என்பதால் உடல் துருவே பிடிக்காது. அதன் உற்பத்தி நின்றுபோயிருந்த காலத்தில், ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கைச் சேர்ந்த பால் ஜேம்ஸ், பழைய சாமான் விற்பனையில் கிடைத்த ஒரு பிகே-யில் சமைத்துப் பார்த்து மனம் பற்றி, அந்தக் கிரில் மறுபடி சந்தைக்கு வரக் காரணமானார். யாரோ வேண்டாமென்று கழித்த ஒரு கிரில்லால் ஒரு தயாரிப்பே உயிர் பெற்றது.

16. முதல் நெருப்பு சமையலுக்கு அல்ல.

எல்லாம் மாட்டியபின் ஒரு முறை முழுக் கரி போட்டு, எல்லாத் துளைகளையும் திறந்து, ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். மருந்து, எண்ணெய், பெயின்ட் வாசனை எல்லாம் போகட்டும். கரி தணலான பின் துளைகளை ஒவ்வொன்றாக மூடி நெருப்பு தணிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மூடியபின் கரி அணைந்தால்தான் கிரில் சரியாக அடைபடுகிறது, வேலை முடிந்தது என்று பொருள்.

இதை வெளியில் மட்டுமே செய்யுங்கள். மழையென்றோ பனியென்றோ கராஜுக்குள் கரி மூட்டாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். அடுக்குமாடி பால்கனியில் கரி கிரில்லைப் பல ஊர்களின் தீயணைப்பு விதிகள் தடுக்கின்றன; எரியக்கூடிய சுவரிலிருந்து 10 அடி தள்ளி இருக்கவேண்டும் என்பது பொது விதி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

17. சாம்பலைத் தங்கவிடாதீர்கள்.

சட்டியை ஓட்டையாக்குவது நெருப்பு என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அதைச் செய்வது ஈரச் சாம்பல். சாம்பலில் காரம் இருக்கிறது; மழைத்தண்ணீரோ பனியோ பட்டால் கூழாகி, எனாமல் சில்லு போன இடத்தில் இரும்பைத் தின்னும். அடியில் துளையைச் சுற்றித்தான் அது தேங்கும். நான் பார்த்த ஓட்டைச் சட்டிகளில் அநேகமும் அங்கேதான் போயிருந்தன. ஒவ்வொரு சமையலுக்கும் பிறகு, முற்றிலும் ஆறியபின் சாம்பலைக் கொட்டிவிடுங்கள். ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் நாட்கணக்கில் இருக்கலாம். மூடியுள்ள உலோக வாளியில் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியிலும் காகிதப் பையிலும் போடவேண்டாம்.

18. உதிரிகளைப் பதுக்காதீர்கள்.

இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு ஒரு சோதனை வரும். கராஜ் நிறையக் கால்களும் மூடிகளும் சேர்ந்துவிடும். எதையும் விட மனம் வராது. உங்கள் கிரில்லுக்கு ஒரு செட் உதிரி போதும். மீதியைத் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள். பணம் வாங்கினால் நியாயமாக வாங்குங்கள்; குறையைச் சொல்லிக் கொடுங்கள். எதற்கும் உதவாதென்று ஆனபின் இரும்பை இரும்போடும் அலுமினியத்தை அலுமினியத்தோடும் பிரித்துப் பழைய இரும்புக்கடையில் போடுங்கள்; அங்கேயும் அது வீணாகாது.

19. செய்வதைக் கற்றுக்கொடுங்கள்.

பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் பிடிக்கவும், எது இரும்பு எது அலுமினியம் என்று காந்தம் வைத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். கெட்டதைத் தூக்கி எறிந்து புதிது வாங்குவது மட்டுமே வழியென்று நினைக்கும் வயதில், பிரித்துப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று கண்ணால் காண்பது பெரிய கல்வி. மகளுக்கும் மகனுக்கும் சமமாகச் சொல்லிக்கொடுங்கள்.

வேண்டாமென்று கழித்த இரண்டு கிரில், ஓர் அளவு நாடா, ஒரு காந்தம், சில ஸ்பேனர்கள், இரண்டு வார இறுதிகள்: தொடங்குவதற்கு இவ்வளவு போதும். உங்கள் முதல் கிரில்லை உங்களுக்காகச் செய்யுங்கள். இரண்டாவதை, ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறியிருக்கும் ஒரு குடும்பத்துக்குச் செய்து கொடுங்கள்.